தோட்டப்புற ஊரில் பொது நூலகம்: யாருக்காக, எத்தனை மணி வரை?

பால்மரத்தூரான் எழுதியது:

வணக்கம். மலேசியாவின் கெடா மாநிலத்தில், கூலிமுக்கும் சுங்கைப் பட்டாணிக்கும் நடுவே ஒரு சின்ன டவுன் எங்களுடையது. தாத்தா காலத்தில் சுற்றிலும் ரப்பர். அப்புறம் எண்ணெய்க்கான செம்பனை வந்தது. இப்போது அதையும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டித் தாமான் (வீட்டுக் குடியிருப்பு) போடுகிறார்கள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இருந்த குடும்பங்களில் பெரும்பாலானவை டவுனை ஒட்டிய மலிவு விலை வீடுகளுக்கு வந்துவிட்டன.

ஊரில் ஒரு பொது நூலகம் இருக்கிறது. அதைச் சமூக மையமாக மாற்றப் போகிறார்கள் என்று பேச்சு. புதுச் சாயம், சோபா, கணினிகள், ஓரத்தில் ஒரு காப்பிக் கடை என்று ஒரு படம் புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் சுற்றுகிறது. எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்தப் படத்தில் திறந்திருக்கும் நேரத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

நம் ஜனங்களின் ஒரு நாளை யோசித்துப் பாருங்கள். தோட்டத்தில் இன்னமும் வேலை செய்பவர்கள் விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய் மதியத்துக்கு மேல்தான் திரும்புகிறார்கள். குளித்துச் சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் மணி ஐந்து. கூலிம் ஹைடெக் பார்க் தொழிற்சாலைகளுக்குப் போகும் பிள்ளைகளில் பலருக்கு 12 மணி நேர ஷிஃப்ட். மாணவர்களுக்குப் பள்ளி, பிறகு டியூசன். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். எங்கள் நூலகமோ தினமும் மாலை ஐந்துக்குப் பூட்டுகிறது, வெள்ளி முழுநாளும் பூட்டு. சனிக்கிழமையை விட்டால், மக்கள் ஓய்வாக இருக்கும் நேரமும் கதவு திறந்திருக்கும் நேரமும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. சோபா வாங்கி என்ன பயன்?

நூலகம் என்னவாக மாற வேண்டும், அதற்கு முதலில் எது வேண்டும் என்று உங்கள் ஊர் அனுபவத்தோடு சொல்லுங்கள். படித்துவிட்டு மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதலாம் என்றிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற வாத்தியார் எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. சமூக மையம் என்பதைப் புதுச் சரக்கு மாதிரி பேசுகிறார்கள். தோட்டத்தில் அது இருந்தது. கோயில், தமிழ்ப்பள்ளி, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை, திடல் எல்லாம் நடந்துபோகும் தூரத்தில். வாசகசாலை என்று தனிக் கட்டடம் எல்லாத் தோட்டங்களிலும் கிடையாது. இளைஞர் மணிமன்றத்து அறையோ, தொழிற்சங்கத்து அறையோ, கோயில் திண்ணையோ அந்த வேலையைச் செய்தது. நாளிதழ் வரும். படிக்கத் தெரிந்தவர் உரக்கப் படிப்பார், மரம் சீவிவிட்டு வந்தவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். ஊருக்குக் கடிதம் எழுத வேண்டுமா, தோட்டத்து எழுத்தரான கிராணியிடம் கொடுக்க மனு எழுத வேண்டுமா, எல்லாம் அங்கேதான். 1924ல் தொடங்கிய தமிழ் நேசன் 2019ல் நின்றபோது பத்திரிகை ஒன்று போனதாக மட்டும் எனக்குத் தோன்றவில்லை. அதைச் சுற்றி உட்கார்ந்திருந்த கூட்டம் அதற்கு எவ்வளவோ முன்பே கலைந்துவிட்டிருந்தது.

1960ல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்த காலம் அது. தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகப் பணம் சேர்த்தார்கள். அடுத்த ஆண்டே நம் கூலிம் பக்கத்து புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. எழுதப் படிக்கத் தடுமாறிய மக்கள் தங்கள் சம்பளத்திலிருந்து பணம் எடுத்து நம்பிக் கொடுத்தார்கள் என்றால், அதற்கு முன்னால் எத்தனை இரவு கூடி உட்கார்ந்து பேசியிருப்பார்கள்! கூடிப் பேச இடமில்லாதவர்களால் அப்படி ஒன்றைச் செய்திருக்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

தோட்டம் விற்கப்பட்டபோது வீடும் கோயிலும் போனதைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். அந்தப் பேச்சு இடம் போனதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. தாமானில் வீட்டுக்கு வீடு கேட் இருக்கிறது. திண்ணை எங்கே? எனவே நூலகம் அந்த இடத்தை நிரப்பட்டும், முழு ஆதரவு. ஒரே ஒரு கவலை. மையம் என்று பெயர் வைத்து அலமாரிகளைக் குறைப்பார்கள். குறைக்கும்போது முதலில் கை வைப்பது தமிழ் அலமாரியில்தான்.

கிராணி மகள் எழுதியது:

வாத்தியார் சொன்னதில் கடிதம், மனு எழுதும் பகுதியை நான் பிடித்துக்கொள்கிறேன். அது இன்னும் முடியவில்லை ஐயா, வடிவம்தான் மாறியிருக்கிறது. எஸ்.டி.ஆர். உதவித்தொகை விண்ணப்பம், கே.டபிள்யு.எஸ்.பி. சேமநிதிக் கணக்கு, பெர்கேசோ சமூகப் பாதுகாப்பு, ஏப்ரல் மாதம் வருமான வரி, எல்லாம் இணையத்தில். என் அத்தைக்குக் கைப்பேசி இருக்கிறது, டேட்டா இருக்காது. டேட்டா இருந்தால் கடவுச்சொல் நினைவிருக்காது. கடைசியில் யாரோ ஒருவரிடம் ஐசியையும் (அடையாள அட்டை) கைப்பேசியையும் கொடுத்து, அவர் கேட்கும் பணத்தையும் கொடுத்து வருகிறார். எவ்வளவு ஆபத்து! நம்பகமான ஓர் இடத்தில், காசு வாங்காமல், தமிழிலோ மலாயிலோ பொறுமையாக விளக்கும் ஒருவர் இருந்தால் அதுவே எனக்குச் சமூக மையம்.

லயத்துப் பிள்ளை எழுதியது:

மனதில் பட்டதைச் சொல்கிறேன், யாரும் வருத்தப்பட வேண்டாம். அக்கா சொல்லும் வேலைக்குத்தான் அரசாங்கம் நாடி என்ற இணையச் சேவை மையங்களை வைத்திருக்கிறது. முன்பு இணைய மையம், அப்புறம் பெடி, இப்போது நாடி. பெயர் மாறினாலும் வேலை அதேதான். அதே வேலைக்கு நூலகம் எதற்கு?

இன்னொன்று. எங்கள் தோட்டத்தில் ஒரு காலத்தில் கணினி அறை கட்டினார்கள், திறப்பு விழாவுக்குப் பந்தல் போட்டார்கள். ஓரிரு ஆண்டுகளில் கணினிகள் பழுதாகின, சாவி யாரிடம் இருக்கிறது என்றே தெரியாமல் போனது. மக்கள் கைப்பேசியோடு வீட்டில் இருந்துவிடுகிறார்கள். அந்தப் பணத்தை நாலு பிள்ளைகளின் டியூசனுக்குக் கொடுத்தால் நேரடியாகப் பலன் தெரியும்.

நூலக ஊழியர் எழுதியது:

வேறொரு மாநிலத்தில், சிறிய நூலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். உள்ளிருந்து பார்ப்பதைச் சொன்னால் பேச்சுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

நேரம் ஏன் ஐந்துடன் முடிகிறது என்றால், பெரும்பாலும் ஆள் இல்லாததால்தான். சிறிய நூலகங்களில் இரண்டு பேர், சில இடத்தில் ஒரே ஒருவர். மாலையும் திறக்க வேண்டுமென்றால் மாற்று ஷிஃப்ட் வேண்டும், பாதுகாவலர் வேண்டும், மின்கட்டணம் கூடும். இதில் எதுவும் திறப்பு விழாப் படத்தில் தெரியாது, அதனால் நிதி கேட்பது சிரமம். கட்டடத்துக்குப் பணம் ஒருமுறை கொடுத்தால் போதும். ஆளுக்கு மாதாமாதம் கொடுக்க வேண்டும். லயத்துப் பிள்ளை சொன்ன கணினி அறைக்கும் இதே கதிதான் நேர்ந்திருக்கும். அறை இருந்தது, அதைத் தினமும் திறந்து பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஒரு ஆள் இல்லை.

டென்மார்க்கில் ஊழியர் இல்லாத நேரத்திலும் உறுப்பினர் அட்டையைக் காட்டி, எண் அழுத்தி உள்ளே போகும் நூலகங்கள் பல வருடங்களாக நடக்கின்றன. நம் ஊருக்கு அதை அப்படியே கொண்டுவருவதை நான் ஆதரிக்க மாட்டேன். அந்த அத்தைக்கு வேண்டியது திறந்த கதவு மட்டுமில்லையே, உள்ளே ஒரு ஆள்.

அடுத்து தமிழ் அலமாரி. யாரும் வெறுப்பினால் அதைக் குறைப்பதில்லை ஐயா. எங்கள் இடத்தில் இரவல் கணக்கைப் பார்த்துத்தான் அடுத்த ஆண்டு எதை வாங்குவது என்று பேசுகிறோம். நம்மவர்கள் வந்து உட்கார்ந்து படித்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போகிறார்கள். அது கணக்கில் ஏறாது. தயவுசெய்து அட்டை எடுங்கள், புத்தகத்தைப் பதிந்து வீட்டுக்குக் கொண்டுபோங்கள். வேண்டிய தமிழ்ப் புத்தகத்தின் பெயரைப் பரிந்துரைப் படிவத்தில் எழுதிக் கொடுங்கள். என் அனுபவத்தில் அந்தப் படிவம் தமிழ் வாசகர்களிடமிருந்து வருவது மிகமிகக் குறைவு.

படிவம் ஐந்து மாணவி எழுதியது:

நான் இந்த வருடம் எஸ்.பி.எம். பள்ளியிறுதித் தேர்வு எழுதுகிறேன். தமிழ்மொழி, தமிழ் இலக்கியம் இரண்டும் எடுத்திருக்கிறேன். எங்கள் ஃபிளாட்டில் இரண்டு அறை, ஏழு பேர். தொலைக்காட்சி ஓடும், தம்பி அழுவான், பாட்டிக்கு உடம்பு சரியில்லை. யாரையும் குறை சொல்ல முடியாது. பையன்கள் மாமாக் உணவுக்கடையில் ஒரு தே ஓ (பால் இல்லாத தேநீர்) வாங்கிவிட்டு இரவு பத்து வரை படிக்கிறார்கள். நான் அப்படி உட்கார முடியாது, அப்பா விடமாட்டார்.

எனக்குக் காப்பிக் கடை வேண்டாம். ஒரு மேசை, விளக்கு, விசிறி, வைஃபை, சுத்தமான கழிவறை. இரவு ஒன்பது வரை. பெண்பிள்ளையை அனுப்பலாம் என்று அப்பா நம்பும் இடம் எங்கள் டவுனில் கோயிலும் நூலகமும்தான். கோயிலில் கணக்குப் போட முடியாது.

கிராணி மகள் எழுதியது:

இந்தப் பிள்ளை எழுதியதைப் படித்தபின் என் பட்டியல் இரண்டாவதுதான். லயத்துப் பிள்ளை அண்ணே, நாடி மையம் இருக்கும் ஊரில் அதைப் பயன்படுத்தட்டும், நான் வேண்டாமென்று சொல்லவில்லை. எங்கள் ஊரிலிருந்து அது பைக்கில் இருபது நிமிடம். அத்தைக்கு பைக் ஓட்டத் தெரியாது. நூலகம் பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கிறது. நாடி ஊழியரே வாரம் ஒரு மாலை நூலகத்தில் வந்து உட்காரட்டுமே. இரண்டும் அரசாங்கத்துடையதுதானே.

ஜொகூர்க்காரன் எழுதியது:

சிங்கப்பூரில் வேலை, குளுவாங் பக்கம் வீடு. சிங்கப்பூரில் பல நூலகங்கள் பேரங்காடிகளுக்குள்ளேயே இருக்கின்றன. வேலை முடிந்து, சாமான் வாங்கும் வழியில், பிள்ளையோடு உள்ளே போகலாம். இரவு ஒன்பது வரை திறந்திருக்கும். தமிழ் மின்மரபுடைமைத் திட்டம் என்று தொண்டூழியர்களும் நூலக வாரியமும் சேர்ந்து 2015ல், சிங்கப்பூரின் ஐம்பதாவது ஆண்டுக்கு, அந்த ஊர்த் தமிழ் இலக்கிய நூல்களை மின்வடிவமாக்கி இணையத்தில் வைத்தார்கள். சிங்கப்பூர் நாளிதழ் தமிழ் முரசின் பழைய இதழ்களைக்கூட வீட்டிலிருந்தே புரட்டலாம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதையைப் பற்றித் தேடும் என் மகளுக்கு, சிங்கப்பூர் தளத்தில் கிடைத்தவற்றைக் காட்டினேன். அந்த ரயில் பாதைக்குப் போனவர்களில் ஏராளமானவர்கள் மலாயாத் தோட்டங்களிலிருந்து போனவர்கள். அவர்களைப் பற்றி அவர்கள் ஊர் நூலகத்தில் ஒரு கோப்பாவது இருக்க வேண்டாமா?

பின்லாந்தின் ஓடி நூலகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2018 டிசம்பரில் ஹெல்சிங்கியில் திறந்தார்கள். தையல் இயந்திரம், முப்பரிமாண அச்சுப்பொறி, ஒலிப்பதிவுக் கூடம் எல்லாம் இருப்பதாக உலகமே எழுதியது. வார நாட்களில் இரவு ஒன்பது வரை திறந்திருக்கிறது என்பதை அதிகம் பேர் எழுதவில்லை. பால்மரத்தூரான் கேட்டது சரியான கேள்வி.

ஓய்வுபெற்ற வாத்தியார் எழுதியது:

தம்பி ஜொகூர்க்காரன் தொட்ட இடம் எனக்கு மிக முக்கியம். தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர், கோயில் கும்பாபிஷேக மலர், மணிமன்ற விழா மலர், சங்கத்துக் கூட்டக் குறிப்பு. தோட்டத்து வாழ்க்கை எழுத்தில் நின்றது இவற்றில்தான். யார் தண்டல் (வேலை மேற்பார்வையாளர்), யார் நாடகத்தில் ராஜபார்ட், எந்த வருடம் வெள்ளம், யார் வீட்டுப் பிள்ளை முதலில் பல்கலைக்கழகம் போனது, எல்லாம் இருக்கும். பெரியவர் ஒருவர் இறந்தால் வீட்டைக் கூட்டும்போது இவை பழைய பேப்பர்காரரிடம் போகின்றன. நானே சில கட்டுகளை மீட்டு வைத்திருக்கிறேன். எனக்குப் பிறகு?

நூலக ஊழியர் எழுதியது:

ஐயா, அவற்றைப் பத்திரமாக வையுங்கள். 1986ம் ஆண்டுச் சட்டப்படி மலேசியாவில் அச்சாகும் புத்தகங்களில் ஐந்து பிரதிகளைத் தேசிய நூலகத்துக்குக் கொடுக்க வேண்டும். முறையான பதிப்பகங்கள் கொடுத்துவிடும். விழா மலர் அச்சிடும் கோயில் குழுவுக்கு அப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது. அதனால் கோலாலம்பூரில் இல்லாத பிரதி உங்கள் வீட்டில் இருக்கலாம்.

நூலகங்களில் பழைய, கிழிந்த புத்தகங்களைக் கழிப்பது வழக்கமான வேலை. பழைய கணினிப் பாடநூலைக் கழிப்பதில் தவறில்லை. உள்ளூர்த் தமிழ்ப் புத்தகம் அப்படி இல்லை. சில நூறு பிரதிகள்தான் அச்சாகியிருக்கும், திரும்ப வாங்கவே முடியாது. எனவே கடிதத்தில் இதைத் தனியாகக் கேளுங்கள்: உள்ளூர் வெளியீடுகளை இரவல் கணக்கை வைத்துக் கழிக்கக் கூடாது, தனி அலமாரியில் வைக்க வேண்டும். மின்வடிவமாக்க ஒரு ஸ்கேனரும் சொல்லிக்கொடுக்க ஒருவரும் போதும். இலங்கைத் தமிழர்களின் 'நூலகம்' என்ற இணையத்தளம் 2005ல் தொடங்கியது. தன்னார்வலர்களை நம்பித்தான் தொடங்கினார்கள், இன்று அங்கே தேடாத ஆய்வாளர் இல்லை.

லயத்துப் பிள்ளை எழுதியது:

அந்தத் தங்கை எழுதியது என்னை அசைத்துவிட்டது. டியூசன் பணம் என்று நான் சொன்னதும் அவளைப் போன்றவர்களுக்காகத்தான். சரி, மாலை நேரத்தை நானும் கேட்கிறேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். டவுனுக்கு வந்துவிட்டவர்களையே பேசிக்கொண்டிருக்கிறோம். என் அண்ணன் குடும்பம் இன்னும் தோட்டத்து உள் டிவிஷனில் இருக்கிறது, டவுனுக்கு மண் சாலையில் வர வேண்டும், பஸ் கிடையாது. பக்கத்து வீடுகளில் இப்போது வங்காளதேசத்தவர், நேப்பாளிகள், இந்தோனேசியர்கள். நம் தாத்தாக்கள் வந்த அதே மாதிரி வந்தவர்கள். இவர்களுக்கு நூலகம் ஒன்பது வரை திறந்தாலும் பயனில்லை.

ஓய்வுபெற்ற வாத்தியார் எழுதியது:

உண்மை. இதற்கு நம் பக்கத்திலேயே பழைய விடை இருக்கிறது. 1931ல் தமிழ்நாட்டின் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். நூலகவியலின் தந்தை என்று போற்றப்படும் ரங்கநாதன்தான் அதைத் தொடங்கிவைத்தார். வயலில் வேலை செய்பவன் நூலகத்துக்கு வர முடியாது, நூலகம்தான் அவனிடம் போக வேண்டும் என்ற எளிய யோசனை. நம் மாநில நூலகங்களுக்கும் நடமாடும் நூலக வண்டிகள் உண்டு. பள்ளிகளுக்குக் காலையில் போகிற அந்த வண்டி, மாதம் இருமுறை மாலையில் லயத்துக்குப் போகட்டும். நேப்பாளித் தம்பிகளுக்கு அவர்கள் மொழியில் நாலு பத்திரிகை இருந்தாலும் நல்லது. தோட்டத்தில் வியர்வை சிந்துபவர்கள் இன்று அவர்கள்தானே.

பால்மரத்தூரான் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கடிதத்தைக் குறைவாக வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். பத்து கோரிக்கை வைத்தால் எளிதானதை மட்டும் செய்துவிட்டுக் கோப்பை மூடுவார்கள். வாரம் இரண்டு மாலை இரவு ஒன்பது வரை, சோதனையாக மூன்று மாதம். அந்த மாலைகளில் விண்ணப்பங்களுக்கு உதவ ஒருவர். உள்ளூர்த் தமிழ் வெளியீடுகளுக்குத் தனி அலமாரி. நடமாடும் வண்டி பற்றி இன்னொரு கடிதம், அது வேறு அலுவலகம்.

மாலைக்கு ஆள் இல்லை என்பார்கள். தாமானிலிருந்து முறைபோட்டு இருவர் உடன் இருக்கத் தயார் என்று எழுதலாமா? திங்கள், வியாழன் சரிப்படுமா?

படிவம் ஐந்து மாணவி எழுதியது:

திங்கள் பாசார் மாலாம் (இரவுச் சந்தை), அந்தச் சாலை முழுக்க அடைத்துவிடும், பஸ் உள்ளே வராது. ஞாயிறு, புதன் என்றால் நன்றாக இருக்கும். செவ்வாய், வெள்ளி வேண்டாம், அம்மா கோயிலுக்குக் கூப்பிடுவார்.

நூலக ஊழியர் எழுதியது:

தன்னார்வலர் என்று எழுதுங்கள். ஆனால் சம்பளத்துக்கு ஒரு ஊழியர் அந்த மாலைகளில் கட்டாயம் இருக்க வேண்டும் என்றும் எழுதுங்கள். பிரிட்டனில் பல ஊர்களில் சம்பள ஊழியர்களை நிறுத்திவிட்டுத் தன்னார்வலர்களிடம் நூலகத்தை ஒப்படைத்தார்கள். களைத்துப்போகும்வரை ஓடினார்கள், எல்லா இடத்திலும் நீடிக்கவில்லை. உங்கள் நல்ல மனதை மிச்சப் பணமாகக் கணக்கிட விடாதீர்கள்.

இன்னொரு பிடிமானம் தருகிறேன். யுனெஸ்கோவும் பன்னாட்டு நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பும் சேர்ந்து வெளியிட்ட பொது நூலக அறிக்கையின் 1994ம் ஆண்டு வடிவத்தை 2022ல் புதுப்பித்தார்கள். பயனாளர்களுக்கு ஏற்ற, போதுமான திறப்பு நேரம் வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. கோலாலம்பூரை 2020ல் உலகப் புத்தகத் தலைநகராக அறிவித்ததும் அதே யுனெஸ்கோதான். 2021 முதல் 2030 வரை தேசிய வாசிப்புப் பத்தாண்டு என்று நம் அரசாங்கமே அறிவித்திருக்கிறது. இவற்றைக் கடிதத்தின் முதல் பத்தியில் வையுங்கள், அதிகாரிக்கும் மேலிடத்தில் பேச வசதியாக இருக்கும். கடிதம் மலாயில் இருக்கட்டும். மலாய், சீன அண்டை வீட்டார் கையெழுத்தும் வாங்குங்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைக்கும் மேசை இல்லாமல்தான் இருக்கும். கையெழுத்துப் போடுபவர்களில் எத்தனை பேர் நூலக உறுப்பினர் என்பதையும் குறிப்பிடுங்கள். உறுப்பினர் இல்லாதவர்கள் அதற்கு முன்பே அட்டை எடுத்துவிடட்டும்.

கிராணி மகள் எழுதியது:

மலாய் வரைவை நான் எழுதுகிறேன், வாத்தியார் ஒருமுறை பார்த்துத் தரட்டும். எங்கள் தாமானில் சீனக் குடும்பங்களும் மலாய்க் குடும்பங்களும் நிறைய. பாலர் பள்ளி வாசலில் அம்மாமார்களைப் பிடித்தால் கையெழுத்து கிடைத்துவிடும்.

பால்மரத்தூரான் எழுதியது:

அப்படியானால் ஞாயிறு, புதன். சம்பள ஊழியர் என்ற வரியைச் சேர்த்துவிட்டேன். அட்டை எடுக்காதவர்கள் ஐசியோடு வாருங்கள், சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நூலக வாசலில் இருப்பேன், ஒன்றாகவே பதிந்துவிடலாம். வாத்தியார் ஐயா, உங்கள் மலர்க்கட்டுகளில் ஒன்றிரண்டைக் கொண்டுவர முடியுமா? அங்கே இருப்பவரிடம் நேரில் காட்டிப் பேசினால் அலமாரிக் கோரிக்கை அவருக்கு விளங்கும்.

ஓய்வுபெற்ற வாத்தியார் எழுதியது:

கொண்டுவருகிறேன் தம்பி. மூலத்தைக் கொடுத்துவிட மாட்டேன், காட்டிவிட்டுத் திரும்ப எடுத்துப்போவேன். அலமாரி வந்த பிறகு கொடுக்கிறேன்.